108 பிரேம், 9 நொடி: பொம்மைக் கட்டைக்கு உயிர் வரும் ரகசியம் தெரியுமா?

சிதம்பரம் நடராஜர் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலுக்குள் எத்தனையோ முறை நுழைந்திருப்பீர்கள். அடுத்த முறை கொஞ்சம் நின்று இரண்டு பக்கச் சுவர்களையும் பாருங்கள். கட்டம் கட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, ஆடிக்கொண்டே இருக்கிறார்கள் கல் பெண்கள். மொத்தம் 108 கரணங்கள்! நாட்டிய சாஸ்திரம் அவற்றுக்குச் சொல்லும் இலக்கணத்தையும் கிரந்த எழுத்தில் கூடவே வெட்டிவைத்திருக்கிறார்கள். படமும் உண்டு, படத்துக்குக் குறிப்பும் உண்டு!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ என்று எடுத்து ஓடவிடுகிறார்களே, ஸ்டாப் மோஷன் படம், அதை வீட்டில் எடுப்பவர்கள் நொடிக்கு 12 பிரேம் வைப்பது வழக்கம். 108-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியே இல்லாமல் 9 நொடி!

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றியது கோபுர வாசலில் அல்ல. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் ஆலைகளை ஒட்டிய செம்மங்குப்பத்தில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அக்கா மகன் ஏழாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து நாலரை மணி நேரம் போனும் கையுமாக உட்கார்ந்து, 108 பிரேம் எடுத்து, 9 நொடிப் படம் ஒன்றை முடித்திருந்தான். லெகோ ஆள் ஒருவன் மேசையைக் கடந்து நடந்து தன் வீட்டுக்குள் போகிறான். அவ்வளவுதான் கதை. போட்டுக் காட்டிவிட்டு அவனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"மாமா, இவன் நடக்கலை. நடுங்குறான்."

உண்மைதான். ஆள் நடுங்கினான். வெளிச்சம் மின்னல் மாதிரி வெட்டி வெட்டி அடித்தது. வீடு இரண்டு இடத்தில் துள்ளிக் குதித்தது. நிழல் கடிகார முள் போலச் சுற்றியது. இதையெல்லாம் சரிசெய்யலாம் என்று நாங்கள் இருவரும் இறங்கிய இரண்டு வாரத்தில் எனக்குத் தெரியவந்த அதிசயங்களை மனசுக்குள் அடக்கிவைக்க முடியவில்லை!

முதலில் இதைக் கேளுங்கள். லெகோ கட்டைகளை வைத்து எடுத்த படங்களில் நமக்குத் தெரிந்தவரை முதலாவது எந்த வருடத்தது தெரியுமா? 1973! டென்மார்க்கில் லார்ஸ் ஹாசிங், ஹென்ரிக் ஹாசிங் என்ற இருவர் சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்த ஆறு நிமிடப் படம். தலைப்பு, தமிழில் சொன்னால், 'நிலவுக்கு ஒரு பயணம்'. மனிதன் நிலவில் கால்வைத்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. இதில் இன்னோர் ஆச்சரியம்: நமக்கெல்லாம் பழக்கமான, கை கால் அசையும் அந்த மஞ்சள் முகக் குட்டி ஆள் பிறந்ததே 1978-ல்தான். நடிகர் பிறக்கும் முன்பே படம் வந்துவிட்டது!

அடுத்து, ஆஸ்திரேலியாவில் லிண்ட்சே ஃப்ளே என்பவர் 1985-ல் தொடங்கி 1989-ல் முடித்தார் 'தி மேஜிக் போர்ட்டல்' படத்தை. 16 மில்லிமீட்டர் கேமரா, நாலு வருடம், முன்னால் பொம்மைக் கட்டைகள். ஃபிலிம் காலத்தில் எடுத்ததை உடனே திருப்பிப் பார்க்க முடியாது. கழுவி வந்த பிறகுதான் தப்பு தெரியும். இன்று ஏழாம் வகுப்புப் பையன் போனில் முந்தைய பிரேமை நிழலாகத் திரையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் அடுத்த பிரேமைப் பொருத்திப் பார்க்கிறான். வெங்காயத் தோல் போல முந்தைய படம் ஊடுருவித் தெரிவதால் அந்த வசதிக்கு 'ஆனியன் ஸ்கின்' என்றே பெயர். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற போன் செயலிகளிலேயே இது வந்துவிட்டது. நடுங்கும் ஆளுக்கு இதுதான் முதல் மருந்து!

சரி, அந்த மின்னல் வெட்டு எதனால் தெரியுமா? போனின் புத்திசாலித்தனத்தால்! ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் போன் புதிதாக யோசிக்கிறது. இருட்டாக இருக்கிறதே, கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவோம். மஞ்சளாக இருக்கிறதே, கொஞ்சம் நீலம் சேர்ப்போம். 108 முறை எடுத்தால் 108 விதமாக யோசிக்கும். ஒரு போட்டோவுக்கு நல்லது, வரிசையாக ஓடவிட்டால் நாசம். வெளிச்ச அளவு, நிறச் சமன், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். பூட்டிய அன்றைக்கே மின்னல் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி? அது கூரையிலிருந்து வந்தது! நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுகிறது. அதனால் பல மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவின் கண்ணுக்குத் தெரியும். கேமராவின் வேகத்தை ஐம்பதில் ஒரு நொடி, இருபத்தைந்தில் ஒரு நொடி என்று மின்சாரத்தின் தாளத்தோடு ஒத்துப்போக வைத்தால் துடிப்பு அடங்கிவிடும். தாளம் சேர்ந்தால் ஆட்டம் சேரும் என்று சிதம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

நிழல் சுற்றியதற்குக் காரணம் இன்னும் பெரியது. சூரியன்! பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. பையன் ஜன்னலோரம் நாலரை மணி நேரம் எடுத்தான். அந்த நேரத்தில் சூரியன் வானத்தில் 67 டிகிரிக்கு மேல் போய்விட்டது. அதை 9 நொடிக்குள் சுருக்கினால் என்ன ஆகும்? காலையும் நண்பகலும் அவனுடைய கட்டை வீட்டு முற்றத்தில் ஒரே மூச்சில் கடந்து போயின. அவன் எடுத்தது ஆள் நடக்கும் படம் மட்டுமல்ல, பூமி சுழலும் படமும்கூட! என்னைக் கேட்டால் அந்தப் படத்தில் அதுதான் மிக அழகான விஷயம். ஆனாலும் அவனுக்கு வேண்டியது அது இல்லையே. ஜன்னலைப் போர்வையால் மூடினோம், மேசை விளக்கு ஒன்றை ஏற்றினோம். மத்தியானம் கடல் காற்று வந்து பின்னால் மாட்டிய அட்டையை ஆட்டுகிற தொல்லையும் அதோடு போயிற்று. மின்விசிறிக்கும் ஓய்வு. வேர்த்து ஊற்றியது. எங்கள் இருவருக்கும் அது தெரியவே இல்லை!

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் படம் கெடும் என்பது தெரியுமா? லெகோ கட்டை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது, பளபளவென்று இருக்கும். நாம் குனிந்து நிமிரும்போது நம் சட்டையின் வெளிச்சம் அதில் விழுந்து விழுந்து மாறும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். போனைத் தொட்டு அழுத்தினால் போன் அசையும். அதற்கும் வழி இருக்கிறது. கம்பி உள்ள இயர்போனைச் செருகி, அதன் ஒலிப் பொத்தானை அழுத்தினால் பல போன்களில் படம் எடுத்துக்கொள்கிறது. போனுக்குத் தாங்கி? அதையும் லெகோ கட்டையிலேயே கட்டிவிட்டான் அக்கா மகன்! வீடு துள்ளியதற்குக் காரணம் அது மேசையில் சும்மா நின்றதுதான். அடித்தட்டின் நாலு மூலையிலும் கொஞ்சம் கிளே மண் வைத்து அழுத்தியதும் அசையாமல் அமர்ந்துவிட்டது.

விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். லெகோவே வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனித் திருமஞ்சனத் திருவிழாக் கடையில் வாங்கிய கட்டையும் நடிக்கும். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் உள்ளே ஒரு துளி கிளே மண். பண்ருட்டியில் செய்த கொலுப் பொம்மைகள் வீட்டில் இருந்தால் கூட்டத்தில் நிற்கவைக்கலாம். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் முதல் விருந்தாளி வரை எல்லாரும் தயாராகத்தானே இருக்கிறார்கள்!

லெகோவின் துல்லியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு இடைவெளி 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். மெல்லிய தட்டு அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, 3.2 மில்லிமீட்டர். இப்போதுள்ள கட்டையின் வடிவத்துக்கு டென்மார்க்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28. அந்தக் காலத்துக் கட்டையை எடுத்து இன்று வாங்கிய கட்டையில் வைத்து அழுத்துங்கள். பொருந்தும்! எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் தெரியுமா? 91,51,03,765 விதமாக! தொண்ணூற்றொரு கோடிக்கும் மேல்! இரண்டே கட்டை என்றால் 24 விதம்தான். நாலு கட்டை கூடியதும் கணக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

படம் எடுப்பவருக்கு இந்த அளவுகள் வெறும் விவரம் இல்லை. ஆளின் கால் குமிழில் மாட்டிக்கொண்டால் ஒரு தாவலுக்கு 8 மில்லிமீட்டர். நடை தவளை நடையாகிவிடும். குமிழ் இல்லாத வழுவழுப்பான தட்டைக் கீழே பரப்பினால் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகர்த்தலாம். இங்கேதான் உயிர் வருகிற சூட்சுமம் இருக்கிறது! எல்லாப் பிரேமிலும் ஒரே தூரம் நகர்த்தினால் பொம்மை இழுபடும், நடக்காது. முதலில் ஒரு மில்லிமீட்டர், பிறகு இரண்டு, பிறகு நாலு, நாலு, மறுபடி இரண்டு, ஒன்று. மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, மெல்ல அடங்கவேண்டும். ஊஞ்சல் ஆடுவதைப் பாருங்கள், தேர் வடம் பிடித்து நகர்வதைப் பாருங்கள். கனமுள்ள எதுவும் அப்படித்தான் நகர்கிறது. பொம்மைக்கு நாம் கனத்தைக் கொடுத்துவிட்டால் பார்க்கிறவர் கண் அதற்கு உயிரைக் கொடுத்துவிடும்.

திரும்பும்போது முதலில் தலை, இரண்டு பிரேம் கழித்து உடம்பு. குதிக்கும் முன் சற்றுப் பின்னால் சாய்வு. சில நேரம் எதையுமே அசைக்காமல் நாலு பிரேம், ஆறு பிரேம். அசையாத பொம்மை யோசிக்கிற மாதிரி இருக்கும்! முட்டி மடங்காத, கண் சிமிட்டாத, நாலு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஆள் யோசிக்கிறான்! இதை முதல் முறை திரையில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிலிர்ப்பு என்றதும் 'கிங் காங்' ஞாபகம் வருகிறது. 1933-ல் வந்த அந்தப் படத்தில் குரங்கின் உடம்பு மயிர் அடிக்கடி நெளியும். வில்லிஸ் ஓ'பிரையன் குழுவினர் ஒவ்வொரு பிரேமுக்கும் பொம்மையைப் பிடித்து நகர்த்தியபோது பட்ட விரல்களின் தடம் அது! செய்தவர்களின் விரல்கள் இன்றும் அந்தப் படத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1963-ல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்துக்காக ஏழு எலும்புக்கூடுகள் மூன்று வீரர்களோடு வாள் சண்டை போடும் காட்சியை ரே ஹாரிஹவுசன் எடுத்தார். சில நிமிடச் சண்டைக்கு நாலரை மாதம்! அதற்கும் அரை நூற்றாண்டு முந்தி, லடிஸ்லாஸ் ஸ்டாரேவிச் செத்த வண்டுகளின் உடலில் கம்பிக் கால் பொருத்தி நடிக்கவைத்தார். பூச்சிகளைப் பழக்கி நடிக்கவிட்டிருக்கிறார் என்றே நம்பியவர்கள் இருந்தார்கள்!

இந்தியாவில் இது எங்கே தொடங்கியது தெரியுமா? ஒரு பூந்தொட்டியில்! தாதாசாகேப் பால்கே 1912-ல் லண்டன் போய்க் கேமராவுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினார். படம் எடுக்கப் பணம் தர யாரும் முன்வரவில்லை. தொட்டியில் ஒரு பட்டாணியை நட்டு, அதன் எதிரே கேமராவை நிறுத்தி, நாளுக்கு ஒரு பிரேம் என்று ஒரு மாதத்துக்கும் மேல் எடுத்தார். விதை முளைத்து, கொடியாகி வளர்வது கண்முன்னே திரையில் ஓடியது. பார்த்தவருக்கு நம்பிக்கை வந்து பணமும் வந்தது. 1913 மே 3-ல் பம்பாய் கொரனேஷன் தியேட்டரில் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படத்துக்கு வழி திறந்தது ஒரு பட்டாணி! தீக்குச்சிகளை ஆடவைத்தும் பால்கே ஒரு குறும்படம் எடுத்தார். 'தாரே ஜமீன் பர்' படத்தின் ஆரம்ப எழுத்துகளோடு வருகிற களிமண் உலகம் திமந்த் வியாஸ் செய்தது. சுரேஷ் எரியத்தின் 'டோக்ரி' என்ற களிமண் குறும்படம் முடிய எட்டு வருடம் ஆயிற்று.

இப்போது மறுபடி கோபுர வாசலுக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்த 108 சிற்பங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோ எடுத்து ஓடவிட்டால் நாட்டியம் வருமா? வராது! 9 நொடிக்கு 108 பேர் தோன்றி மறைவார்கள். ஏன்? கரணம் என்பது நின்ற நிலை அல்ல, கையும் காலும் சேர்ந்து இயங்கும் ஓர் அசைவு என்று நாட்டிய சாஸ்திரமே சொல்கிறது. சிற்பி அந்த அசைவுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு கணத்தைக் கல்லில் நிறுத்துகிறார். முன்னால் என்ன, பின்னால் என்ன என்பது கல்லில் இல்லை. கரணங்கள் நிலைகள் அல்ல, அசைவுகள் என்று சிற்பங்களையும் சாஸ்திரத்தையும் சேர்த்து ஆராய்ந்து, தன் உடம்பிலேயே ஆடிக்காட்டியவர் டாக்டர் பத்மா சுப்ரமணியம். அவர் யாருடைய மகள் தெரியுமா? 'பாலயோகினி', 'தியாகபூமி' படங்களை எடுத்த இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகள்! சினிமாக்காரர் வீட்டில் வளர்ந்த கண் கல்லில் பிரேமைப் பார்த்தது என்று நினைக்க எனக்கு மிகவும் ஆசை. மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் உள்ள நடராஜர் கோயிலுக்கு 108 கரணச் சிற்பங்களை மறுபடி வடிவமைத்துத் தந்தவரும் அவரே.

தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் 81 கரணங்கள் முடிந்திருக்கின்றன. மீதி 27-க்கும் கல் வைத்திருக்கிறார்கள், செதுக்கவில்லை. ஆயிரம் ஆண்டாக அந்த 27 பிரேம்கள் வெறுமையாகக் காத்திருக்கின்றன! கடலூர் மாவட்டக்காரர்கள் கரணம் பார்க்கத் தஞ்சைக்குப் போகவேண்டியதுகூட இல்லை. சிதம்பரத்தை விட்டால் விருத்தாசலம் கோபுரங்களிலும் அவை உண்டு. குழந்தைகள் போடும் குட்டிக்கரணத்தில் இருப்பதும் இதே சொல்தான். கரணம் தப்பினால் மரணம் என்கிறோமே, ஸ்டாப் மோஷனில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. அறுபதாவது பிரேமில் கை பட்டு ஆள் விழுந்துவிட்டால், அதே இடத்தில் அதே கோணத்தில் அவனை எழுப்பி நிறுத்துவது ஒரு தவம்.

செம்மங்குப்பத்துப் பையன் இந்தக் கரணக் கதையைக் கேட்டுவிட்டு என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடி முன்னால் போய் நின்று தானே நடந்து பார்த்தான். மெதுவாக. நிறுத்தி நிறுத்தி. எந்தக் கால் முதலில் எழும்புகிறது, இடுப்பு எப்போது முன்னே போகிறது, கை எந்தப் பக்கம் வீசுகிறது. அதை நோட்டில் குச்சி மனிதனாக வரைந்துகொண்டான். பெரிய ஸ்டுடியோக்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்!

போன் கேமராதானே என்று யாரும் குறைத்து எண்ண வேண்டாம். 2011-ல் இங்கிலாந்தின் ஆர்ட்மன் ஸ்டுடியோ, வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரை மணலில் 'கல்ப்' என்ற ஸ்டாப் மோஷன் படம் எடுத்தது. கடலுக்குப் போன மீனவரைப் பெரிய மீன் ஒன்று விழுங்கிவிடும் கதை. மணலையே வரைந்து அழித்து வரைந்து எடுத்தார்கள். மிகப் பெரிய காட்சியின் பரப்பு 11,000 சதுர அடி! கேமரா? ஒரு நோக்கியா போன்! இதைச் சொன்னதும் அக்கா மகனின் கண் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டது. இன்னொரு கோடியில், 2013-ல் ஐபிஎம் விஞ்ஞானிகள் மைனஸ் 268 டிகிரி செல்சியஸ் குளிரில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு சிறுவனைப் பந்து விளையாட வைத்தார்கள். 242 பிரேம்கள்! பத்து கோடி மடங்கு பெரிதாக்கினால்தான் தெரியும் அந்தச் சிறுவனை! உலகின் மிகச் சிறிய ஸ்டாப் மோஷன் படம் அதுதான். நொடிக்கு 12 பிரேம் வைத்துப் பார்த்தால் 242 என்பது 20 நொடி. பையன் எடுத்ததுபோல இரண்டு மடங்கும் கொஞ்சமும்தான்!

2014-ல் வந்த 'தி லெகோ மூவி' முழுக்க முழுக்கக் கட்டையை நகர்த்தி எடுத்த மாதிரியே இருக்கும். பெரும்பகுதி கம்ப்யூட்டரில் செய்தது! ஆனால் கட்டைகளில் கைரேகை, கீறல், தூசி எல்லாவற்றையும் வேண்டுமென்றே சேர்த்தார்கள். வீட்டில் எடுக்கிற குழந்தைகளின் படத்தில் தானாக வந்து விழுகிற குறைகளைப் பெரும் செலவு செய்து உண்டாக்கினார்கள்! 2023-ல் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தின் லெகோ உலகக் காட்சியைச் செய்தது கனடாவில் வசிக்கும் 14 வயதுப் பையன். அதே படத்தின் முன்னோட்டத்தை லெகோ வடிவில் அவன் செய்து வெளியிட்டதைப் பார்த்துப் படக்குழுவே அழைத்தது.

எங்கள் படத்தின் இரண்டாவது வடிவமும் 108 பிரேம்தான். மூன்று மாலைகள் பிடித்தது. ஆள் மேசையைக் கடந்து வருகிறான். வீட்டு வாசலில் நிற்கிறான். ஆறு பிரேம் அசையவில்லை. தலை மட்டும் திரும்புகிறது. பிறகு உள்ளே போகிறான். "எதை மறந்துட்டு வந்தான்?" என்று கேட்டாள் அக்கா. கதையில் அப்படி எதுவும் இல்லை! அந்த ஆறு பிரேமை அவளே கதையாக்கிக்கொண்டாள். பையன் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல!

இப்போது அவன் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் நிலக்கடலை விதை போட்டு, எதிரே போனை வைக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவைத்திருக்கிறான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அதே விளக்கு வெளிச்சத்தில், கறுப்புச் சட்டையில், ஒரு பிரேம். ஆறு நாள் ஆகிறது. ஆறு பிரேம், அரை நொடி. நேற்று மண்ணில் மெல்லிய கீறல் ஒன்று விழுந்திருக்கிறது.